புது கேம்ரி வாங்கலாமா? கேளுங்க, சொல்றேன்

கோலாலம்பூர் செந்தூல்ல இருவத்தஞ்சு வருசமா ஸ்பேனர் புடிக்கிற ஆளு நானு. டொயோட்டாவோட புது கேம்ரி காடி பத்தி ஆளாளுக்கு கேக்குறீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன், மெதுவாதான் டைப் பண்ணுவேன், கோவிச்சுக்காதீங்க.

கிள்ளான் தம்பி: அண்ணே, காடியே புதுசா, இல்ல மூஞ்சி மட்டும் மாத்திட்டாங்களா?

ரெண்டுக்கும் நடுவுல தம்பி. அடியில இருக்குற பிளாட்ஃபார்ம், அதான் காடியோட அடிச்சட்டம், 2017ல வந்த அதே டிஎன்ஜிஏ-கே. வீல்பேஸ், அதான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 2,825 மில்லிமீட்டர், அதுவும் மாறல. நீளம் மட்டும் 4,885ல இருந்து 4,920 ஆயிருச்சு, ஆனா வீல்பேஸ் ஏறாம நீளம் ஏறுனா உன் முட்டிக்கு என்ன கெடைக்கும் சொல்லு? முன் சீட்ட உன் அளவுக்கு வெச்சுட்டு பின்னாடி போயி உக்காந்து பாரு, வீட்டுல அம்மாவயும் கூட்டிட்டு போ. நெசமா மாறுனது பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேந்து ஓட்டுற ஹைபிரிட் சிஸ்டம்தான். அமெரிக்காவுல 2025 மாடல்ல வெறும் பெட்ரோல் எஞ்சினே கெடையாது, ஆறு சிலிண்டர் வி6 எஞ்சினும் போச்சு.

ஷா ஆலாம் தங்கச்சி: ஹைபிரிட் பேட்டரி போச்சுன்னா பெரிய செலவாமே அண்ணே, பயமா இருக்கு.

பேட்டரி பயத்துல மத்தத மறந்துடாதம்மா. இந்த காடியில ஆல்டர்னேட்டர் இல்ல, தனி ஸ்டார்ட்டர் மோட்டர் இல்ல, கியர்பாக்ஸ்ல பெல்ட்டும் இல்ல, அதெல்லாம் போற தொல்லையே கெடையாது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, அதுக்கு காத்து காடிக்கு உள்ள இருந்துதான் போகுது, சீட்டுக்கு கீழ சின்னதா ஒரு கிரில் இருக்கும் பாரு. போன வருசம் ஒரு ஹைபிரிட் காடி வந்துச்சு, வார்னிங் லைட்டு எரியுது, பேட்டரி செத்துருச்சுன்னு யாரோ சொல்லி அவங்களும் அழாத குறை. கிரில்ல கழட்டுனா முறுக்கு தூளு, நாய் முடி, காஞ்ச மல்லிப்பூ, ஃபில்டர் கம்பளி மாதிரி கெடக்கு! சுத்தம் பண்ணி காடி கம்ப்யூட்டர்ல இருந்த எரர் கோட அழிச்சேன், அப்புறம் லைட்டு வரவே இல்ல. அங்க பையி, பாய் எதையும் சாத்தி வெக்காத.

பிஜே அங்கிள்: ரோட் டேக்ஸ் எவ்ளோப்பா வரும்?

கேம்ரி எஞ்சின் 2,487 சிசி அங்கிள், அடிப்படை வரி 380 வெள்ளி, 2,000க்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி, 380ஓட 487 சேத்தா 867 வெள்ளி. ஹோண்டா அக்கார்ட் 1.5 டர்போவுக்கு 90 வெள்ளிதான். வருசா வருசம் 777 வெள்ளி வித்தியாசம், கணக்கு பாக்குறவங்களுக்கு இது சின்ன காசு இல்ல.

கோம்பாக் தம்பி: காராக் ஹைவே மேட்டுல இழுக்குமா?

இழுக்கும், கொஞ்சம் கத்தும். சத்தத்த கேட்டு பயந்துடாத, அவ்ளோதான்.

பத்துமலை தம்பி: அண்ணே நம்மகிட்ட அவ்ளோ காசு இல்ல, 2016 புரோட்டான் பெர்டானா செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா?

தாராளமா எடு. அது எட்டாவது ஜெனரேஷன் அக்கார்ட்தான், எஞ்சினும் ஹோண்டா 2.0, 2.4, அக்கார்ட் தெரிஞ்ச போமனுக்கு (மெக்கானிக்குக்கு) கண்ண மூடிட்டு வேல செய்ய வரும். பம்பர், லைட்டு வாங்குறப்ப மட்டும் பெர்டானான்னு சொல்லி கேளு, அக்கார்ட் லைட்டு அதுல உக்காராது. சரி, வெளிய காடி வந்து நிக்குது, அப்புறம் வர்றேன் லா.