பிளேட்லெட் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததாகப் பொருளா?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் மனைவிக்கு வயது 34. இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் தோன்றின. அட்டைக்கடி என்று விட்டுவிட்டோம். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசியவே சோதித்துப் பார்த்தோம்; பிளேட்லெட் 14,000. இது டெங்கு அல்ல, எதிர்ப்பு அணுக்களின் சமநிலை தவறி உடம்பே பிளேட்லெட்டை அழிக்கிறது என்கிறார் கோட்டயத்து டாக்டர். ஸ்டீராய்டு தொடங்கியபின் 62,000 ஆகியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதற்கு என்று மாமியார் லேகியமும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கிறார். சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

பதில்: இந்த நோய்க்கு ஐ.டி.பி. (இம்யூன் திராம்போசைட்டோபீனியா) என்று பெயர். சக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை; எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கும் பக்கம் தளர்ந்துவிட்டது என்பதே உங்கள் டாக்டர் சொன்னதன் பொருள். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் பாயும் லாரியை, நல்ல இழுவை உள்ள வண்டி என்று யாரும் மெச்சுவதில்லை அல்லவா?

வெள்ளணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் சில தாக்குதலைத் தூண்டுபவை. சில, சொந்த உடம்பின் மீது கை வைக்காதபடி மற்றவற்றை அடக்குபவை. இந்த அடக்கும் அணுக்களை 1995-ல் அடையாளம் காட்டிய ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சிக்கு, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் சேர்த்து 2025-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உங்கள் மனைவிக்கு வந்திருப்பது போன்ற நோய் தீவிரமாக இருக்கும்போது, பல நோயாளிகளிடம் இவ்வணுக்கள் எண்ணிக்கையிலோ வேலைத் திறனிலோ குறைந்திருப்பதும், அழற்சியைத் தூண்டும் டி அணுக்கள் மிகுந்திருப்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. கேட்பாரற்றுப்போன பி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள், பிளேட்லெட்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்குகின்றன. அவை ஒட்டிய பிளேட்லெட்டுகள் இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் வழியே செல்லும்போது, அங்குள்ள விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. 8 முதல் 10 நாள் வாழ வேண்டியவை வெகு சீக்கிரம் மறைகின்றன. எலும்பு மஜ்ஜையில் புதியவை உருவாவதும் தடைபடுகிறது. சிலரிடம் கொல்லும் டி அணுக்களே நேரடியாக பிளேட்லெட்டைச் சிதைப்பதால், எதிர்ப்பொருள் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு.

அழிக்கும் பொருள் ரத்தத்திலேயே இருக்கிறது என்பதை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் 1950-ல் ஒரு நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு நிரூபித்தார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் சரிந்து, உயிருக்கே ஆபத்தாயிற்று. இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காத துணிச்சல் அது!

ஸ்டீராய்டு தாக்குதலைத் தணிக்கிறது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுபவர்களிடம் அடக்கும் அணுக்கள் மீண்டு வருவதும் காணப்பட்டிருக்கிறது. 62,000 வந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாமியாரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத, ‘சக்தி கூட்டும்’ லேகியம் இங்கே வேண்டாம். பப்பாளிச் சாற்றை டெங்குவுக்கே மருத்துவத்துக்கு மாற்றாக நம்பக் கூடாது; இந்த நோயின் காரணமோ வேறு. டி அணுக்களைத் தனியாக எண்ணும் சோதனைக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். சிகிச்சையை முடிவு செய்ய வழக்கமாக அது தேவைப்படுவதில்லை.

அட்டை என்று நினைத்ததில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. அட்டையின் உமிழ்நீர் ரத்தத்தை உறைய விடாது என்பதால், நலமாக இருப்பவருக்கும் அந்தக் கடிவாயில் வெகுநேரம் கசியும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் மங்காத, அரிப்போ வலியோ இல்லாத, ஊசிமுனை அளவுப் புள்ளிகள்தான் வேறுபடுத்திக் காட்டுபவை. இடுப்புவலிக்குக் கடையில் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வாங்கி விழுங்கக் கூடாது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் வேலையை டாக்டர் சம்மதிக்கும் வரை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். கடும் தலைவலி, கறுத்த மலம், மாதவிலக்கில் மிகுந்த போக்கு இவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மலைப்பாதையில் கோட்டயம் போய்ச் சேரவே நேரமாகும்.

கேள்வி: வைரஸ் காய்ச்சலுக்குப் பின் என் ஐந்து வயது மகனுக்கும் இதே நோய் என்கிறார்கள். மண்ணீரலை எடுத்துவிடலாமா? (குமுளி வாசகி)

பதில்: அவசரமே இல்லை, அம்மா. குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். 1916-ல் பிராக் நகரில் தொடங்கிய அந்த அறுவை சிகிச்சையை, மருந்துகள் பல வந்துவிட்ட இன்று, குழந்தைகளுக்கு மிக அரிதாகவே செய்கிறார்கள். அதுவும் குறைந்தது ஓராண்டு பார்த்த பிறகு. அதுவரை மரம் ஏறாமல், தலையில் அடிபடும் விளையாட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.