பைபிளை நேராக வாசித்தால் போதாதா? பழைய திருச்சபைத் தந்தையரின் விளக்கம் அன்றாட விசுவாசத்துக்கு எதற்கு?

நீங்கள் அநேகமாகத் தனியாக உட்கார்ந்து ஃபோனில் பைபிள் வாசிக்கிறவர். வசனம் நேராக மனதில் படுகிறது, நடுவில் ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தின கிழவர்கள், அந்தக் காலத்து ஆயர்களும் போதகர்களும், எதற்கு என்று கேட்கிறீர்கள். சரி. ஆனால் அதே வசனத்தை உங்களுக்கு மேலே இருக்கிறவர் உங்களுக்கு வாசித்துக் காட்டினால் என்ன செய்வீர்கள்?

எனக்கு ஊர் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்தெடுத்தவர். நான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். இறையியல் பட்டமெல்லாம் கிடையாது, அதனால் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

2023 செப்டம்பரில் ஒரு ஞாயிறு நற்செய்தி மத்தேயு 20, திராட்சைத் தோட்ட வேலையாட்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், அதாவது ஒரு நாள் கூலி, பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்; ஒத்துக்கொண்டது இவ்வளவுதானே, வாங்கிக்கொண்டு போ என்கிறார் தோட்டத்துச் சொந்தக்காரர். அந்தக் கிழமை எங்கள் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அன்பியக் கூட்டம்; பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிப் பைபிள் வாசித்துச் செபிக்கிற கூட்டம். தோட்டத்தில் ஏற்கெனவே புகைச்சல். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதும், எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கூட்டத்துக்கு வந்திருந்த கணக்கப்பிள்ளை ஐயா, எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர், வசனத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒத்துக்கொண்ட சம்பளத்தை வாங்கிக்கொண்டு போ என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். முணுமுணுக்கிறது பாவம்." எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நேராக வாசித்தால் அப்படித்தானே இருக்கிறது?

மூலையில் இருந்த அம்மாயி ஒருவர் கேட்டார்: "அந்தத் துரை கடைசியா வந்தவனுக்கும் முழுப்பேர் போட்டாருங்களே ஐயா. கொழுந்து நிறுக்கிற நம்ம மடுவத்துல அப்படியா நடக்குது?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

அம்மாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவர் செய்தது திருச்சபை காலங்காலமாகச் சொல்கிற முதல் வேலை: எழுத்துப்படி என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார். அதற்குப் பிறகுதான் மற்ற மூன்றும்: இதில் கிறிஸ்துவைப் பற்றி என்ன தெரிகிறது, நான் எப்படி நடக்க வேண்டும், எதை நம்பிக் காத்திருக்கிறேன். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலும் இந்த நான்கு பொருளும் இருக்கின்றன. இதே உவமையைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பழைய தந்தையரில் ஒருவரான புனித யோவான் கிறிசோஸ்தோம், உவமையின் ஒவ்வொரு சொல்லையும் துருவிக்கொண்டிருக்காதே, எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார் என்கிறார். சொன்னது கடவுளின் தாராளத்தைப் பற்றி. தோட்டத்துச் சொந்தக்காரர் கடவுள். அந்த நாற்காலியில் எந்தக் கம்பெனியும் ஏறி உட்கார முடியாது.

ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு சேர்த்து வாசி என்பதும் பழைய பழக்கம்தான். இணைச்சட்டம் 24 ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்கிறது. உவமையிலும் மாலையானதும் கூலி கைக்கு வருகிறது. யாக்கோபு 5:4இல், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது. வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று திருச்சபை ஒரு வரிசை வைத்திருக்கிறது. கொலை இருக்கிற அதே வரிசையில் கூலியாளை வஞ்சிப்பதும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்தேன். "இது தொழிற்சங்கத்துப் பேச்சு" என்றார் ஐயா. இல்லை, எந்தச் சங்கத்திலும் நான் இல்லை. அவரையும் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு மேலே இருந்து வருகிற நெருக்கடி அவருக்கு.

சம்பளத்துக்கு மட்டுமா இது உதவும் என்பீர்கள். என் மாமா ஆயுசு முழுக்கக் குடித்தவர். சாகும் தறுவாயில் பாவசங்கீர்த்தனம் செய்து, நோயில்பூசுதலும் பெற்றுப் போனார். செத்த வீட்டில் அத்தை, "நான் தவறாமல் பூசைக்குப் போனேன், அவருக்கும் எனக்கும் ஒரே மோட்சமா?" என்று கொதித்தார். உவமையில் வருகிற அந்த வேலை நேரங்களைத் தந்தையரில் இன்னொருவரான பாப்பரசர் பெரிய கிரகோரி மனுசனின் வயதுகளாகவும் விளக்கினார், சிறுபிள்ளையிலிருந்து கிழம்வரை, ஐந்து மணிக்காரன் கடைசி வயதில் திரும்பியவன் என்று சொன்னேன். "அந்தப் பாப்பரசருக்குக் குடிகாரப் புருசன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் அத்தை. ஆனாலும் 31ஆம் நாள் பூசைக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

தந்தையர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடவுள்மேலும் அயலார்மேலும் அன்பை வளர்க்காத விளக்கம், வசனத்தை இன்னும் விளங்கிக்கொள்ளாத விளக்கம் என்று தந்தையரில் ஒருவரான அகுஸ்தீனார் வைத்த அளவு ஒன்று போதும், எங்கள் லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், உட்கார்ந்து எந்தப் பிரசங்கத்தையும் நிறுத்துப் பார்க்கலாம்.

இதற்குக் கீழே யாராவது வந்து "பால்மாவுக்கு மதம் மாறின தோட்டத்து ஆட்கள்" என்று எழுதுவார்கள், முன்பும் எழுதினார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த என் பாட்டனின் பாட்டன் இந்தியாவில் சொந்த ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். அவர் வந்தபோது பால்மா எங்கே, இந்த மலையில் தேயிலையே கிடையாது, கோப்பிதான்.