விசுவாசத்திலயும் ஊழியத்திலயும் வாழ்ந்து முடிச்ச உங்க அப்பாவை எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?

கேள்வியில ஊழியம்னு போட்டிருக்கறதால முதல்லயே சொல்லிடறேன், எங்கப்பா பாஸ்டர் இல்ல, மேடையேறி ஒரு பிரசங்கம்கூட பண்ணினதில்ல. ஆபீஸ் வேலை பாத்தார், ரிடையர் ஆனார், சர்ச்ல கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சுல உக்காருவார். அவர் செஞ்ச ஊழியம்னா ஒண்ணே ஒண்ணுதான், உடம்பு முடியாம கிடக்கறவங்களைப் போய்ப் பாக்கறது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவர் படுக்கையில விழற வரைக்கும் அதை நிறுத்தவே இல்ல.

பைபிள்ல மத்தேயு 25ஆம் அதிகாரம்தான் அவருக்கு எல்லாமே. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்"னு இயேசு சொல்றதா வருமே அந்த இடம். "சொஸ்தமாக்கினீங்கன்னு சொல்லல பாரு, பாக்க வந்தீங்கன்னுதான் சொல்றார், இது என்னாலயும் முடியும்"பார். அங்கயே இன்னொண்ணும் இருக்கு, நீதிமான்களுக்கே தாங்க செஞ்சது ஞாபகம் இல்ல, ஆண்டவரே நாங்க எப்ப உம்மை அப்படிப் பாத்தோம்னு திருப்பிக் கேக்கறாங்க. அதனாலயோ என்னவோ அப்பா எங்க போயிட்டு வந்தார்னு வீட்ல சொல்லவே மாட்டார், சட்டைப் பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு மட்டும் இருக்கும், அதுல பேரு, வார்டு நம்பர், யாருக்கு என்ன தேவைன்னு எழுதியிருக்கும். எதுக்குப்பா நோட்டுன்னு கேட்டா மறதி எனக்குத்தான், தேவனுக்கு இல்லன்னுட்டுப் போயிடுவார்.

நோயாளி பக்கத்துல உக்காந்து பிரசங்கம் பண்றவங்களைக் கண்டா மட்டும் அவருக்கு ஆகாது. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து வியாதியில கிடந்த யோபோட மூணு சிநேகிதங்க 7 நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு, அப்புறம் வாயைத் திறந்தாங்க கெட்டுதுன்னு சொல்லிச் சிரிப்பார். இவர் போனா மருந்துச் சீட்டை வாங்கிட்டுப் போய் க்யூல நிப்பார், கூட இருக்கறவங்களை நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் தூங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு ராத்திரி பூரா சேர்ல உக்காந்திருப்பார், எந்த மதம் எந்த சபைன்னெல்லாம் கேக்க மாட்டார். ஜெபம் பண்ணச் சொன்னா பண்ணுவார், அதுவும் ரெண்டு நிமிஷம்தான்.

தாங்க முடியாத வேதனையில இருக்கறவங்க ஏதாவது வாசிக்கச் சொன்னா, பைபிள்ல சங்கீதம்னு இருக்கற ஜெபப் பாட்டுகள்ல 88ஆம் சங்கீதம் வாசிப்பார். சர்ச்ல அதிகமா வாசிக்கிற சங்கீதம் இல்ல அது. புலம்பலா ஆரம்பிக்கிற சங்கீதங்கள் பெரும்பாலும் முடியறப்ப நம்பிக்கையிலயோ துதியிலயோ போய் நிக்கும், இது மட்டும் இருட்டுலயே முடிஞ்சுடும். இதைப் போய் ஏன் வாசிக்கறீங்கன்னு நான் சண்டை போட்டிருக்கேன். "இப்படியும் ஜெபிக்கலாம்னு வேதத்துலயே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்ல"ன்னார். எனக்கு இன்னிக்கும் அதைத் தாண்டி ஒரு பதில் கிடைக்கல.

ரொம்பப் புனிதமா காட்டறேனோன்னு தோணுது, அதனால இதையும் சொல்லணும். இதுக்கெல்லாம் விலை குடுத்தது அம்மா. எங்களுக்கு ஜுரம்னா அம்மாதான், பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா அம்மாதான், அப்பா வேற யாரோட கட்டில் பக்கத்துலயோ இருப்பார். ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாம தீமோத்தேயு முதலாம் நிருபம் 5:8 எடுத்து அவர் முன்னாடி சத்தமா வாசிச்சாங்க, தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு வருமே அது. அப்பா பதிலே பேசல. அதுக்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கயும் போகாம வீட்ல இருந்தார், கடைசி வரைக்கும் அதை மாத்தல. வசனத்தை வச்சே அவரை மடக்கின ஒரே ஆள் அம்மாதான்.

கடைசியில அவரே படுத்தப்போ ஒருத்தர் வந்து, உங்களுக்கு விசுவாசம் இருந்தா எழுந்து நடப்பீங்கன்னு அரைமணி நேரம் பேசினார். எனக்கு ஆத்திரம் தாங்கல. அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, தம்பி ரொம்ப நேரமா நிக்கறீங்க, உக்காருங்கன்னார்.

எப்படி ஞாபகம் வச்சிருக்கேன்னுதானே கேட்டீங்க, அந்த நோட்டு இப்ப என்கிட்ட இருக்கு. அதுல இன்னும் முடியாம இருக்கறவங்க சிலரைப் போய்ப் பாத்துட்டு வரேன், க்யூல நிக்கறது, ராத்திரி தங்கறது எல்லாம் பழகிடுச்சு, வாயை மூடிட்டு உக்காரத்தான் இன்னும் வரல.