கணக்கு தெரிந்தவருக்கு நிதி மேலாண்மை ஏன் இடறுகிறது?

அன்புள்ள ஐயா,

எட்டு வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை. இப்போது வேலையோடு சேர்த்து நிதி மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு எல்லாம் பழகியவை, ஆகவே சுலபமாக இருக்கும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். முதல் மாதிரித் தேர்வில் 100க்கு 41. சூத்திரங்கள் மனப்பாடம். விடையைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது, வினாத்தாளை எடுத்தால் கை ஓடுவதில்லை. முதலீட்டு மதிப்பீட்டுக் கணக்குகளில் ஒவ்வொரு முறையும் எதையாவது சேர்த்துவிடுகிறேன் அல்லது விட்டுவிடுகிறேன். கணக்கே படிக்காத பொறியியல் பட்டதாரிகள் என்னை முந்திப் போகிறார்கள். எதைச் சரிசெய்வது? ஆய்வேட்டுத் தலைப்பையும் இப்போதே கேட்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறியியல் பட்டதாரிகள் முந்துவதில் வியப்பில்லை. அவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஒரு செலவை அது எந்த ஆண்டின் வருமானத்துக்கு உதவியதோ அந்த ஆண்டில் எழுதுவது கணக்கரின் பழக்கம். முதலீட்டு முடிவுக்கு அந்தப் பழக்கம் உதவாது. அங்கே கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். பணம் எப்போது கைமாறுகிறது? இந்தத் திட்டத்தை எடுக்காவிட்டாலும் அது கைமாறியிருக்குமா? உங்கள் 41 பெரும்பாலும் இங்கேதான் சிக்கியிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இயந்திரத்தின் விலை 10,00,000. ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் எதுவும் தேறாது. அதனால் ஆண்டுக்கு 3,20,000 பணம் மிச்சமாகும். வரி 25%, அந்தந்த ஆண்டே கட்டவேண்டும். வரிக்கும் நேர்கோட்டு முறைத் தேய்மானமே (ஆண்டுதோறும் ஒரே தொகை) செல்லும். கூடுதல் சரக்கிருப்புக்காக ஆரம்பத்தில் 1,00,000 முடங்கும். டிஸ்கவுன்ட் விகிதம், அதாவது எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், 12%.

ஆண்டுத் தேய்மானம் 2,00,000. வரிக்குரிய லாபம் 1,20,000, வரி 30,000. கையில் நிற்பது 2,90,000. தேய்மானம் யாருக்கும் கொடுக்கப்படும் பணம் அல்ல, வரியைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. 12 சதவீதத்தில் 5 ஆண்டுக்கான காரணி (ஆண்டுக்கு 1 வீதம் ஐந்து ஆண்டு வந்தால் அதன் இன்றைய மதிப்பு) 3.6048, ஆக நிகழ்கால மதிப்பு சுமார் 10,45,400. இயந்திர விலை போக 45,400 மிச்சம். சரக்கில் முடங்கிய 1,00,000 ஐந்தாம் ஆண்டு முடிவில் திரும்பி வரும். அதன் இன்றைய மதிப்பு 56,700 என்பதால் முடக்கத்தின் உண்மையான விலை 43,300. முடிவில் என்.பி.வி., அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்த நிகர நிகழ்கால மதிப்பு, சுமார் 2,100. நேர் எண், நூலிழையில்.

இப்போது தவறுகளைப் போட்டுப் பாருங்கள். சரக்குப் பணம் திரும்பி வருவதை மறந்தால் என்.பி.வி. −54,600 ஆகிவிடும். பணவரத்துக்குப் பதிலாக வரிக்குப் பிந்தைய லாபம் 90,000ஐ எடுத்தால் ஏழு லட்சத்துக்கு மேல் நட்டம் காட்டும். கடன் வாங்கித்தான் இயந்திரம் வாங்குகிறோம் என்று ஆண்டுக்கு 45,000 வட்டியைக் கழித்தால் −1,60,000 ஆகும். கடைசிப் பிழையில்தான் கணக்குப் பிரிவிலிருந்து வருபவர்கள் அதிகம் விழுகிறார்கள். வட்டி ஏற்கெனவே அந்த 12 சதவீதத்துக்குள் இருக்கிறது, பணவரத்திலும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எடுத்ததாகிவிடும். கேள்வியில் வட்டித் தொகை கொடுத்திருந்தால், நீங்கள் கழிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் கொடுத்திருப்பார்கள்.

அதே வகைப் பொறிகள் இன்னும் உண்டு. திட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட்ட சந்தை ஆய்வுக் கட்டணம் மூழ்கிய செலவு, அது கணக்கில் வராது. தலைமை அலுவலகச் செலவில் இந்தத் திட்டத்தின் தலையில் கட்டிய பங்கும், மொத்தச் செலவு கூடாதவரை, வராது. மாறாக, வாடகைக்கு விட்டிருந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தால், இழக்கும் வாடகை எந்த ரசீதிலும் இல்லாவிட்டாலும் வரும். வரி போக மீதியை எடுங்கள்.

பணவீக்கம் வந்தால் ஒரு விதி போதும். எதிர்கால விலைகளில் எழுதிய பணவரத்துக்குப் பணவீக்கம் சேர்ந்த விகிதம், இன்றைய விலைகளில் எழுதியதற்குப் பணவீக்கம் நீக்கிய மெய் விகிதம். 12 சதவீதமும் 5 சதவீதப் பணவீக்கமும் இருந்தால் மெய் விகிதம் 7 அல்ல, 1.12ஐ 1.05ஆல் வகுத்து 6.67%. தேய்மானத்தால் மிச்சமாகும் வரி பணவீக்கத்தோடு ஏறாது என்பதால், வரி உள்ள கணக்கை எதிர்கால விலைகளிலேயே போடுவது நல்லது.

எக்செல்லில் பழகுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அதன் என்.பி.வி. ஃபங்ஷன், நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆரம்ப முதலீட்டை அடைப்புக்குள் போட்டால் மொத்த விடையும் 1.12ஆல் வகுபட்டுச் சிறுத்துவிடும். முதலீட்டை வெளியே தனியாகக் கூட்டுங்கள். ஐ.ஆர்.ஆர். (என்.பி.வி.யைப் பூஜ்யமாக்கும் விகிதம்) ஃபங்ஷனுக்கு மட்டும் அது உள்ளே இருந்தாக வேண்டும்.

அடுத்து மூலதனச் செலவு, அதாவது நிறுவனம் திரட்டிய பணத்துக்குக் கொடுக்கும் விலை. டிஸ்கவுன்ட் விகிதம் இங்கிருந்துதான் வருகிறது. பங்குகளின் சந்தை மதிப்பு 600, கடன் 400. பங்குதாரர் எதிர்பார்ப்பு 15%, கடன் வட்டி 10%, வரி 25% என்று வைத்துக்கொள்வோம். வரிச் சலுகை போகக் கடனின் செலவு 7.5%. பங்குக்கு 60%, கடனுக்கு 40% என்று எடையிட்ட சராசரி 9 + 3 = 12%. கணக்கருக்கு ஐந்தொகைதான் வேதம், ஆகவே அங்கிருக்கும் ஏட்டு மதிப்பை எடுக்கத் தோன்றும். பங்கு மூலதனமும் ஒதுக்கீடுகளும் ஏட்டில் 200 மட்டுமே என்றால் சராசரி 10 சதவீதமாக இறங்கிவிடும். அந்த 10 சதவீதத்தில் நம் இயந்திரத்தின் என்.பி.வி. சுமார் 61,400. நூலிழைத் திட்டம் கொழுத்த திட்டமாகத் தெரியும். நிறுவனத்தின் சராசரி விகிதத்தை எல்லாத் திட்டத்துக்கும் போடுவதும் தவறுதான். புதிய தொழிலில் இறங்கினால், அந்தத் தொழிலின் அபாயத்துக்கு ஏற்ற விகிதம் வேண்டும்.

ஐ.ஆர்.ஆர். பற்றி நிர்வாகிகளுக்கு இருக்கும் மோகம் தேர்வு எழுதுபவருக்கு இருக்கக்கூடாது. 100 போட்டு ஓராண்டில் 150 எடுக்கும் திட்டம் 50% தருகிறது. 1,000 போட்டு 1,300 எடுப்பது 30% தருகிறது. 12 சதவீதத்தில் முதலாவதன் என்.பி.வி. 34, இரண்டாவதன் என்.பி.வி. 161. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாவது. கூடுதலாகப் போடும் 900, 1,150 ஆகத் திரும்புகிறது, ஏறத்தாழ 28%. இந்த வித்தியாசக் கணக்கையும் விடையில் எழுதினால் தேர்வாளர் சந்தேகப்பட இடமே இருக்காது.

நடைமுறை மூலதனம் (சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி ஆகியவற்றில் அன்றாடம் சுழலும் பணம்) உங்களுக்குச் சுலபமாக வரும், ஒரே ஓர் இடத்தில் நின்று பாருங்கள். 10 நாளில் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாள் தவணை என்ற சலுகையை விடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். 98ஐ 20 நாள் வைத்துக்கொள்ள 2 கொடுக்கிறோம், ஆண்டுக்கு 37 சதவீதத்துக்கு மேல், கூட்டு வட்டி சேர்க்காமலே. வங்கிக் கடன் இதைவிட மலிவாகக் கிடைத்தால் கடன் வாங்கித் தள்ளுபடியை எடுப்பதே சரி.

கோட்பாடுகளை வருட வரிசையில் படித்தால் ஒட்டும். முதலீட்டைப் பலவற்றில் பரப்பி அபாயத்தைக் குறைப்பது பற்றி 1952இல் மார்க்கோவிட்ஸ், கடன் விகிதம் பற்றி 1958இல் மோடிலியானியும் மில்லரும், வரியைச் சேர்த்து அவர்களே திருத்தியது 1963இல், அபாயத்துக்கு ஏற்ற வருமானம் பற்றி ஷார்ப் 1964இல். 1958 கட்டுரை, கடன் விகிதத்தால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்றது. நிஜத்தில் அப்படி இல்லையே என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மதிப்பெண் வராது. வரி, திவால் செலவு, தகவல் ஏற்றத்தாழ்வு (நிர்வாகிக்குத் தெரிந்தது முதலீட்டாளருக்குத் தெரியாதது) என்று எந்த அனுமானத்தைத் தளர்த்தினால் முடிவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று எழுதுங்கள். முதுநிலையில் கேட்பது அதைத்தான்.

பயிற்சி முறையை மாற்றுங்கள். விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வது படிப்பே அல்ல. வெறும் தாளில் 0 முதல் 5 வரை ஆண்டுகளை மேலே எழுதி, வரிசைகளை நீங்களே போடுங்கள். விற்பனை, செலவு, வரி, இயந்திரம், சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. முடித்த பிறகு விடையோடு ஒப்பிட்டு, தவறு எந்த இனம் என்று ஓரத்தில் குறியுங்கள்: சேர்க்கக்கூடாததைச் சேர்த்தது, விட்டது, ஆண்டு மாறியது, கூட்டல் பிழை. பத்துக் கணக்குக்குப் பிறகு உங்கள் இனம் எது என்று தானே தெரிந்துவிடும். விகிதப் பகுப்பாய்வை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே படித்துக்கொண்டிருப்பது சுகமாக இருக்கும், மதிப்பெண்ணை ஏற்றாது.

மூன்று மணி நேரத் தாளில் 100 மதிப்பெண் என்றால், மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 25 மதிப்பெண் கேள்விக்கு 45 நிமிடம், அதற்குமேல் நின்றால் அடுத்த கேள்வியிடம் கடன் வாங்குகிறீர்கள். எண் தப்பாக வந்தாலும் அதை வைத்தே பரிந்துரையை எழுதி முடியுங்கள், பரிந்துரைக்குத் தனி மதிப்பெண் இருக்கும். எந்த எண் எவ்வளவு மாறினால் முடிவு கவிழும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. மேலே உள்ள கணக்கில், ஆண்டுச் சேமிப்பு 800 குறைந்தாலே திட்டம் கவிழ்ந்துவிடும்.

ஆய்வேட்டுக்கு, நடைமுறை மூலதனம் லாபத்தைப் பாதிக்கிறதா என்ற தேய்ந்த தலைப்பை யாராவது நீட்டினால் யோசித்து வாங்குங்கள். சரக்கு நாட்கள் (சரக்கு விற்காமல் கிடக்கும் சராசரி நாட்கள்) குறைவாக இருந்ததால் லாபம் கூடியதா, நன்றாக விற்றதால் சரக்கு நாட்கள் குறைந்ததா என்று ஆண்டறிக்கை எண்களை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். இன்று பட்டியலில் இருக்கும் நிறுவனங்களை எடுத்துப் பத்தாண்டு பின்னோக்கிப் போனால், இடையில் மூடிப்போனவை விடுபட்டு முடிவு அழகாகத் தெரியும். வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் மற்றவற்றோடு கலக்காதீர்கள், கடன்தான் அவற்றின் சரக்கு. தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஐந்து நிறுவனங்களுக்கு மட்டும் தேவையான எல்லா எண்களையும் திரட்டிப் பாருங்கள். அந்த ஐந்துக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் தலைப்பைச் சுருக்கிவிடுங்கள்.