ஃபார்ம் போனால் மட்டை விலையும் போகுமா?

பழசுக்கு என்ன விலை? மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழம்பொருள் கடை வைத்திருப்பவரின் பதில்கள்

திருமங்கலம் வாசகர்: ஓர் இந்திய பேட்ஸ்மேன் கையெழுத்துப் போட்ட மட்டையை 2021-ல் 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது அவர் உச்சத்தில் இருந்தார். இப்போது அணியிலேயே இடமில்லை. போன மாதம் விற்கப் போனால் 9,000-க்கு மேல் தர மாட்டோம் என்கிறார்கள். திரும்ப ஏறுமா, இல்லை தள்ளிவிடட்டுமா?

ஆட்டக்காரரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். மனிதர் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார், அதனால் இங்கே போடவில்லை.

நீங்கள் கொடுத்த 32,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மட்டைக்கு ஒரு விலை, கையெழுத்துக்கு ஒரு விலை. மிச்சம் எல்லாம் “அடுத்த பத்து வருஷம் இவர்தான்” என்று ஊரே பேசிய பேச்சுக்கு. அவர் இனி செய்யப்போவதற்கு நீங்கள் கொடுத்த முன்பணம் அது. ஃபார்ம் போனால் முதலில் கரைவது அந்தப் பங்குதான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். வாடிவாசலில் பிடிபடாமல் வந்த காளைக்கு லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து பிடிபட்டால் அதே காளையைக் கேட்க ஆள் இருக்காது. ஆனால் அது முன்பு ஜெயித்துக் கொடுத்த பீரோவை யாரும் வந்து திருப்பிக் கேட்பதில்லை. (பீரோ துருப்பிடித்தால் அது வேறு கதை.) உங்கள் கையில் இருப்பது காளையா, பீரோவா என்பதுதான் கேள்வி.

நீரஜ் சோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பிரதமருக்கு வந்த பரிசுப்பொருட்களை அந்த வருஷம் ஏலம் விட்டபோது, அவர் கொடுத்த ஈட்டி 1.5 கோடி ரூபாய்க்குப் போனது. நான்கு வருஷம் கழித்து 2025 செப்டம்பரில் அதே டோக்கியோ, அதே மைதானம், உலக சாம்பியன்ஷிப். 84.03 மீட்டர் எறிந்து எட்டாவது இடம். அதற்காக அந்த ஈட்டியின் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? தங்கம் வாங்கியது வாங்கியதுதான். அதே ஏலத்தில் நம் சென்னைப் பெண் பவானி தேவியின் வாள் 1.25 கோடிக்குப் போனது. அவர் டோக்கியோவில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றவர். ஆனால் ஒலிம்பிக் வாள்சண்டையில் இறங்கிய முதல் இந்தியர். அந்த ‘முதல்’ என்பதற்கு வந்த விலை அது.

இனி உங்கள் மட்டைக்கு வருவோம். அது ஏதாவது ஒரு ஆட்டத்தில் ஆடிய மட்டையா? முகத்தில் பந்து பட்ட சிவப்புத் தழும்பு, அடிப்பக்கம் தேய்மானம், பிடியில் கிரிப் அமுங்கிய இடம் ஏதாவது இருக்கிறதா? ஒரு சதம் அடித்த மட்டை என்றால், அந்த நாள் போட்டோவில் தெரியும் மர ரேகையோடு உங்கள் மட்டையின் ரேகை பொருந்த வேண்டும். இரண்டு மட்டைக்கு ஒரே ரேகை வராது. அப்படிப் பொருந்தினால் 9,000-க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் நாளைக்கே ரஞ்சி அணியில் கூட இல்லாமல் போனாலும் அந்த நாளின் விலை நிற்கும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் மட்டை புத்தம் புதுசாக இருக்கிறது. விளம்பர நிகழ்ச்சியில் வரிசையாக அடுக்கி வைத்துக் கையெழுத்து வாங்கிய மட்டை மாதிரிதான் படுகிறது. ஒரு லென்ஸ் எடுத்துக் கையெழுத்தைப் பாருங்கள். மார்க்கர் மை மரத்தில் இறங்கி, ரேகை ஓடும் பக்கமாக மயிரிழை அளவு கசிந்திருக்க வேண்டும். கோடு இரண்டு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ, மேல்பூச்சுக்கு அடியில் வழவழவென்று கிடந்தாலோ அது அச்சு. அச்சுக் கையெழுத்துக்கு 9,000 தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். விற்றவரே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழை நம்பாதீர்கள். அதை அடிக்க ஒரு பிரிண்டர் போதும்.

கையெழுத்து அசல், மட்டை ஆடாதது என்றால்? அவசரப் பணத்தேவை இல்லையென்றால் வைத்திருங்கள். வருண் சக்கரவர்த்தி 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு மூன்று வருஷம் இந்திய அணியில் இல்லை. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்தார். உங்கள் ஆளும் ஒரு சதம் அடிக்கலாம். அடித்தால் அந்த வாரமே விற்றுவிடுங்கள், அடுத்த சதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஓய்வு அறிவிக்கும் நாளில் கொஞ்சம் கூட்டம் வரும், அதுவும் சில நாள்தான். 32,000 திரும்ப வரும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலமேடு வாசகர்: தோனிக்கு வயதாகிவிட்டது, பேட்டிங் வரிசையில் கீழே இறங்கி ஆடுகிறார், 2025 ஐபிஎல்லில் சென்னை அணி கடைசி இடம். அவர் கையெழுத்துப் போட்ட ஜெர்சி வாங்குவது முட்டாள்தனம் என்கிறான் என் மச்சான்.

மச்சான் சொல்லும் காரணம் தப்பு. தோனியின் விலை 2025-ல் எடுத்த ரன்னில் இல்லை. 2011 உலகக் கோப்பை இறுதியில் அவர் ஆடிய மட்டை அந்த வருஷம் ஜூலையில் லண்டன் விருந்து ஒன்றில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய கணக்குக்கு 72 லட்சம் ரூபாய். 2024-ல் கே.எல்.ராகுல் தம்பதி நடத்திய ஏலத்தில் தோனியின் இன்னொரு மட்டை 13 லட்சம். அதே தோனி, அதே கைதான். ஆனால் ஒரு மட்டை உலகக் கோப்பையை முடித்து வைத்தது, இன்னொன்று அப்படி இல்லை. அந்த 2024 ஏலத்தில் அதிக விலைக்குப் போனது கோலியின் ஜெர்சி, 40 லட்சம். 2019 நவம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை சர்வதேச ஆட்டத்தில் ஒரு சதம்கூட இல்லாமல் கிடந்த அதே கோலிதான்.

இவை எல்லாம் நற்பணி ஏலம் என்பதையும் மறக்காதீர்கள். கொடுப்பவர் பாதித் தொகையைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். உங்களிடம் யாரும் அந்த விலைக்கு வாங்கப்போவதில்லை. தோனி ஜெர்சியில் எனக்குப் பயம் அவர் ஃபார்மைப் பற்றி இல்லை, போலியைப் பற்றி. ஊரில் சுற்றும் ‘தோனி கையெழுத்து’ அத்தனையும் அசல் என்றால் அந்த மனிதருக்கு விக்கெட் கீப்பிங் செய்ய நேரமே இருந்திருக்காது.

மேலூர் வாசகி: என் வீட்டுக்காரர் சீட்டுப் பணத்தை எடுத்து, புதுமுக விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளாக ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறார். கேட்டால், அமெரிக்காவில் ஒரு அட்டை நூறு கோடிக்கு விற்றது என்கிறார். உண்மையா?

விற்றது உண்மை, அம்மா. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952 அட்டை, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலர், அன்றைய கணக்குக்குச் சுமார் நூறு கோடி ரூபாய். அண்ணனிடம் மீதிக் கதையையும் சொல்லுங்கள். மேன்டில் 1968-லேயே ஆடி முடித்தவர். கடைசி வருஷங்களில் காலைத் தேய்த்துக்கொண்டு ஆடி, பந்தை அடிக்கும் மொத்த சராசரியே .300-க்குக் கீழே, .298-க்கு இறங்கியது. அட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. விற்காமல் கிடந்த 1952 அட்டைப் பெட்டிகளை 1960 வாக்கில் அச்சடித்த கம்பெனியே படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. தப்பித்தவை கொஞ்சம். அதுவும் கசங்காமல் தப்பித்தது இன்னும் கொஞ்சம்.

இன்றைக்கு வரும் அட்டைகளை யாரும் கடலில் கொட்டுவதில்லை. அவரைப் போலவே எல்லோரும் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புதுமுகங்களின் அட்டை விலை முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடுவது. முழங்காலில் ஒரு அடி பட்டால் போதும், அடுத்த வாரமே படுத்துவிடும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் கிடந்த உலகமே அட்டை வாங்கியது, 2022-லேயே அதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. சீட்டுப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: ஆட்டத்தில் சறுக்குவது சரி. நடத்தையில் சறுக்கினால்?

அது பழைய சாதனையையே தொடுகிறதா என்று பாருங்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பந்தயப் பட்டங்களும் 2012-ல் பறிக்கப்பட்டன. ஜெயிக்கவே இல்லை என்று ஆன பிறகு, ஜெயித்தவருக்குக் கொடுக்கும் அந்த மஞ்சள் ஜெர்சி எதற்கு நினைவு? மரடோனா கதை வேறு. 1994 கால்பந்து உலகக் கோப்பையிலிருந்து ஊக்கமருந்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒரு கோல், காலால் ஒரு கோல் போட்டபோது அணிந்த சட்டை, 2022-ல் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. அவரோடு சட்டை மாற்றிக்கொண்ட இங்கிலாந்துக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அது கோல் போட்டபோது அணிந்த சட்டை இல்லை, முதல் பாதியில் போட்ட சட்டை என்று மரடோனா குடும்பத்தில் சொன்னார்கள். ஏலக்காரர்கள் பழைய போட்டோக்களோடு சட்டையின் சின்னம், கோடு, எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் விற்றார்கள்.

வில்லாபுரம் வாசகர்: கையெழுத்துப் பந்தை ஷோகேஸில் வைத்திருக்கிறேன். மேற்குப் பக்க ஜன்னல். பரவாயில்லையா?

இன்றைக்கே இடம் மாற்றுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயில் மையைத் தின்றுவிடும். பந்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கையில் எடுப்பதாக இருந்தால் சுத்தமான பருத்தித் துணியோடு.