எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளில் உரத்த குரல் மட்டுமே கேட்கிறது; நாடக மேடையில் அவரை ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள்?

இதே சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த இசைத்தட்டுகளில் இரண்டு கிட்டப்பாவினுடையவை. தாத்தா அவற்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்; எனக்கோ யாரோ மலை உச்சியிலிருந்து கூப்பிடுவது போலத்தான் இருந்தது. பிற்காலத்தில் கொஞ்சம் ஆர்மோனியம் பழகி, மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்த பிறகுதான், நான் கேட்டது கிட்டப்பாவின் கலையில் ஒரு சிறு துண்டு என்பது புரிந்தது.

அவருடைய தொழில் வாழ்க்கையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906 ஆகஸ்ட் 25 அன்று, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் பிறந்தார். இயற்பெயர் ராமகிருஷ்ணன். வறுமையான குடும்பம், அண்ணன்மார் நாடகத்துக்குப் போக, இவரும் பள்ளிக்கூடத்தை அறியாமலேயே ஐந்தாறு வயதில் மேடையேறினார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பயிற்சியும், பிரம்மாண்டமான காட்சியமைப்புக்குப் பெயர்பெற்ற கன்னையா கம்பெனியின் மேடையும் அவரை உருவாக்கின. கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகம் அவர் புகழைச் சென்னை வரை கொண்டு சேர்த்தது. பின்னர் சகோதரர்கள் சொந்தமாகவே நாடகம் நடத்தினார்கள். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27. அந்த வயதுக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டு மேடை அனுபவம் இருந்தது என்பதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இனி குரலுக்கு வருவோம். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் எல்லோரும் அஞ்சிய விஷயம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்ததும், அதுவரை ராஜபார்ட் என்ற நாயக வேடமும் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடமும் கட்டிய பிள்ளை ஓரமாக நிற்க வேண்டியதாகிவிடும். பலருக்கு மேடை வாழ்க்கையே அத்துடன் முடிந்துபோனது. கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டியதோடு, வளர்ந்த பிறகும் ஐந்து கட்டைக்கு மேற்பட்ட சுருதியில் பாடினார் என்பார்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக்கூடச் சுருதி ஏறும். ஆண் பாடகர் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். ஐந்து கட்டை என்பது பெண்கள் பாடும் சுருதி. பழைய தட்டு சுழலும் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும் என்பதால் அரைக் கட்டை முன்பின்னாகக் கொள்ளலாம். எப்படியிருந்தாலும், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அந்த உயரம் ஒரு தொழில் தேவை. நீங்கள் உரத்த குரல் என்று சொல்வது, அந்தக் கொட்டகைக்காகவே பழகிய குரல்.

ஆனால் சுருதியின் உயரத்துக்கு இன்னொரு பயன் இருந்தது. அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்ற முறை வேரூன்றியிருந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து அன்றிரவுதான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்ற ஒரே நம்பிக்கையில் திரை தூக்கப்படும். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாக வரும் முருகனும் வாதாடும் தர்க்கக் காட்சிதான் அதன் உச்சம். ஒருவர் பாட்டில் ஒரு கேள்வியைப் போட, மற்றவர் அதே மூச்சில் பாட்டாலேயே மடக்க வேண்டும். பாத்திரங்களின் வாதம் மெல்ல நடிகர்களின் போட்டியாக மாறிவிடும். சபையும் அதற்காகத்தான் காத்திருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆணின் சுருதி ஒன்றாகவும் பெண்ணின் சுருதி ஐந்தாகவும் இருந்தால், ஒருவருக்காக மற்றவர் குரலை அடக்கியோ இழுத்தோ பாட வேண்டும். இல்லையென்றால் ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை மாற்ற வேண்டும். போட்டியின் சூடு அதிலேயே பாதி ஆறிவிடும். கொடுமுடியில் 1908இல் பிறந்து, சிறுமியாகவே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 1926 வாக்கில் இலங்கை மேடைகளில் இணைந்தபோது இந்தச் சிக்கலுக்கே இடமில்லாமல் போயிற்று. இருவருக்கும் உச்சஸ்தாயி வீட்டு முற்றம் மாதிரி. கிட்டப்பாவுக்கு இணையாக அந்தப் பெண்ணால் நிற்க முடியாது என்று சொல்லித் தடுத்தவர்களும் உண்டு என்பார்கள்; சுந்தராம்பாள் நின்றார். இந்த ஜோடியின் வெற்றிக்குக் காதலைக் காரணமாகச் சொல்வது வழக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், ஒரே சுருதியில் சரிசமமாக மோதக்கூடிய இரண்டு குரல்கள் தற்செயலாக அமைந்ததே முதற்காரணம் என்று நினைக்கிறேன். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தது இன்னொரு நல்ல வாய்ப்பு: தம்பி எங்கே தாவுவார் என்பது அவருக்குத் தெரியும்.

இசைத்தட்டில் இவை எதுவுமே இல்லை. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். மேடையில் ‘காயாத கானகத்தே’ பாடுபவர் ‘மேயாத மான்’ என்ற இடத்துக்கு வந்ததும், அது விலங்கா பெண்ணா என்று சபை ரசிக்கும்படி அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு முறையும் வேறு சங்கதி போட்டு, அதாவது அதே வரியை வேறு விதமாக இசைத்து, எதிரில் நிற்கும் வள்ளியின் முகத்தைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிப்பார். ‘ஒன்ஸ் மோர்’ என்று கூச்சல் எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒலிப்பதிவு அறையில் வள்ளியும் இல்லை, கூச்சலும் இல்லை, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அங்கே அவர் செய்ததெல்லாம் பாட்டின் உச்சங்களை மட்டும் அடுத்தடுத்துத் தொட்டுக் காட்டியதுதான். ஏறிக்கொண்டே போகும் படிகள் இல்லாமல் மாடியை மட்டும் காட்டினால் நமக்கு உயரம்தான் தெரியும்.

நடிகர் என்ற வகையில் அவர் எப்படி என்று கேட்டால், பாட்டுக்கு வெளியே அவர் நடிப்பை மதிப்பிட நம்மிடம் சான்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபரில்தான் வெளிவந்தது. திரையில் தோன்றாமலேயே அவர் போய்விட்டார். அப்போது 25 வயதாகியிருந்த சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்துக்குத் திரைப்படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டபோதும் ஏற்ற வேடம் நந்தனார், அதாவது ஆண் வேடம்.

இனிக் கேட்க விரும்பினால், ‘எவரனி’ கீர்த்தனையில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். முதலில் ‘கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்’ என்ற வள்ளலாரின் பாடலை விருத்தமாக, அதாவது தாளக்கட்டு இல்லாமல், அவர் பாடியதைக் கேளுங்கள். தாளத்தின் அவசரம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நீட்டி, அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறார். குளிர்தரு, நிழல், கனி என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழும்போது, ஒலிபெருக்கி இல்லாத ஒரு கொட்டகையின் கடைசி வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.