மூணுசுழியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: அச்சகத்தில் டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை பார்க்கிறேன். ஒரு கடையின் பத்திரிகை விளம்பரத்துக்கு 'கண் கண்ணாடி' என்ற தலைப்பையே படமாக மாற்றினேன். 'ண'வின் சுழிகளை மூக்குக்கண்ணாடியாக்கி, துணைக்காலை வளைத்துக் காதில் மாட்டும் கம்பியாக்கி, 'டி'யை மூக்காக்கினேன். கடைக்காரர் "படிக்கவே முடியலையே தம்பி" என்கிறார். முதலாளி சாதாரண போல்டு எழுத்தில் போடச் சொல்கிறார். புதுசாக எதையும் செய்யவே கூடாதா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்த முறை நியாயம் கடைக்காரர் பக்கம். மூக்குக்கண்ணாடிக்கு வட்டம் இரண்டு. 'ண'வுக்குச் சுழி மூன்று. நீங்கள் கண்ணாடியை மாட்டியதும் மூணுசுழி ண ரெண்டுசுழி ன ஆகிவிட்டது. 'கன்னாடி' என்று விளம்பரம் வந்தால் ஊர் சும்மா விடுமா? வளைத்த துணைக்காலும் 'ர'வாகத் தெரியும். மூக்கு வேறு!

ஒரே சொல்லில் மூன்று வேடிக்கை வைத்ததுதான் சிக்கல். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் 1965இல் 'மதர் அண்ட் சைல்டு' என்ற பத்திரிகைக்குச் செய்த தலைப்பைத் தேடிப் பாருங்கள். 'மதர்' என்பதில் வரும் 'ஓ' எழுத்தின் வயிற்றுக்குள் 'அண்ட்' குறி (&) சுருண்டு கிடக்கும். அந்தக் குறிக்குள் பொடி எழுத்தில் 'சைல்டு'. அவ்வளவுதான். மற்ற எழுத்துகள் பழைய புத்தகத்தில் இருப்பதுபோல் அடக்கமாக நிற்கும். அந்தப் பத்திரிகை வெளிவரவே இல்லை. தலைப்பை மட்டும் இன்றுவரை பேசுகிறார்கள்.

1980இல் 'ஃபேமிலீஸ்' என்ற தலைப்பில் அவர் புள்ளிகளைத் தலைகளாக்கி, அப்பா அம்மா பிள்ளை சேர்ந்து நிற்பதுபோல் செய்தார். ஆங்கிலத்தில் புள்ளி வைத்த எழுத்தே சின்ன 'ஐ', 'ஜே' இரண்டுதான். நமக்கோ மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் புள்ளி. உங்கள் தலைப்பிலேயே பாருங்கள்: 'கண்' என்பதில் ஒன்று, 'கண்ணாடி'யில் ஒன்று. சரியாக இரண்டு! அவற்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே வெள்ளை விட்டு வளையமாக்குங்கள். நடுவில் உள்ள 'க'வின் தலைக்கு மேலே ஒரு மெல்லிய வளைகோடு இழுத்து இரண்டையும் இணையுங்கள். கண்ணாடி வந்துவிட்டது, ஒரு சுழியும் போகவில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் கோடு இன்னும் கச்சிதமாக அமையும்.

கோரல் டிரா மென்பொருளில் செய்வதாக இருந்தால் எழுத்தைக் கர்வாக (வளைகோட்டு வடிவமாக) மாற்றி, துண்டுகளாகப் பிரிக்கும் பிரேக் அபார்ட் கொடுக்கும்போது 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளியைத் தனியே எடுத்ததும் மீதியை மறுபடி கம்பைன் செய்து ஒன்றாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்புறம், நியூஸ்பிரிண்ட் மை குடிக்கிற காகிதம். திரையில் அழகாகத் தெரியும் மெல்லிய வளையம் அச்சில் ஊறி முழுப் புள்ளியாகிவிடலாம். அதனால் வளையத்தின் உள்வெள்ளையைத் தேவைக்கு மேலேயே விடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, ரிவர்ஸாக வைக்கும் ஆசை வேண்டாம். வளைகோட்டை மை விழுங்கிவிடும். தலைப்பை ஒரே மையில் போடுங்கள். நாலு கலரும் கலந்த நிறம் என்றால் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) துளி தள்ளினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

விளம்பரம் வரப்போகும் பத்திரிகைப் பத்தியின் அளவிலேயே பிரிண்ட் எடுத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம், பைண்டிங்கில் இருப்பவராகவும் இருக்கலாம், நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். திக்காமல் வாசித்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். முகவரி, போன் நம்பரில் எந்த விளையாட்டும் கூடாது. முதலாளி சொன்ன போல்டு எழுத்துப் பிரதியும் கையில் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாயைத் திறக்காமல் கடைக்காரரையே எடுக்கச் சொல்லுங்கள். அவர் போல்டைத்தான் எடுத்தால் அதையே அடித்துக் கொடுங்கள். பணம் போடுகிறவர் அவர். வளையம் போட்டதை உங்கள் சாம்பிள் ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.